வைப்பர் அக்காவின் மழைக்கால ஞாயிறுகள்

மழை வந்தால் உலகத்தில் எல்லாரும் கொடியில் காயும் துணியை எடுத்து வீட்டுக்குள் போடுவார்கள். அதே துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியூர் கிளம்புகிற ஒரே ஆள் வைப்பர் அக்கா. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பழைய கண்டக்டர் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம். அவர் பதில் சொல்வார். அதற்கு முன் கொஞ்சம் சிரிப்பார்.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. வெளியில் யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் வைத்த பெயர், எங்கள் விடுதி வரைக்கும் நடந்து வந்து அங்கேயே தங்கிவிட்டது.

விடுதி என்பது கோயிலுக்கு வடக்கே ஒரு தெருவில் இருந்த வேலை பார்க்கும் பெண்கள் விடுதி. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். நானோ பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் அறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அந்த ஜன்னலின் கொக்கி கூட எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், சோடாபுட்டிக் கண்ணாடி, ஆண்கள் வைத்துக்கொள்கிற நீளக் குடை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று புதிதாகச் சேரும் பெண்கள் எல்லாரும் கேட்பார்கள். அக்கா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: "ஞாயித்துக்கெழமையில நேரம் கெடைக்கலடி."

அது முக்கால்வாசி உண்மை. ஐப்பசி பிறந்துவிட்டால் மார்கழி பாதி வரை அக்காவின் ஞாயிறுகள் எல்லாம் ஊர் சுற்றப் போய்விடும். வெயில் காலத்தில் எங்கும் போக மாட்டார். "வெயில்ல போனா பாறையும் நாமளும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துனு ஒக்காந்திருக்கணும். மழையில போனாத்தான் ஊர்ல தண்ணி இருக்கும், பச்சை இருக்கும், கூட்டம் கம்மி" என்பது அவர் கொள்கை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். தங்கக் கூடாது. புளிசாதம் கட்டிக்கொள்ள வேண்டும். மழைக்கோட்டு வாங்கக் கூடாது. காலி உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். எங்கே போவது என்பதை மட்டும் அக்கா முடிவு செய்வதில்லை. அதை பஸ்கள் முடிவு செய்யும்.

அது எப்படி என்று சொல்கிறேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாத் திசையிலிருந்தும் பஸ் வரும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அக்கா நேராக அங்கே போய்விடுவார். ஒரு பஸ் உள்ளே நுழைந்ததும் ஜனங்கள் எல்லாம் படிக்கட்டுப் பக்கம் ஓடினால், அக்கா மட்டும் முன்பக்கம் போய் நிற்பார். கண்ணாடியில் வைப்பர் ஓடிய அரை வட்டம் ஈரமாக இருக்கிறதா? அந்தத் திசையில் மழை. அரை வட்டம் காய்ந்து, ஓரத்தில் தூசி கட்டியிருக்கிறதா? பெய்து ஓய்ந்துவிட்டது. பிறகு குனிந்து சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் சேற்றை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். கடைசியாகப் பின்பக்கம் போய்ச் சாமான் ஏற்றும் ஏணியைத் தடவுவார்.

"இன்னாம்மா, பஸ்ஸுக்கு ஜுரமா? தொட்டுத் தொட்டுப் பாக்கற?" என்பார் டிரைவர்.

"வைப்பர் எங்கேர்ந்து போட்டீங்கண்ணா?"

"கண்ணமங்கலத்துல போட்டேன். போளூர்ல நிறுத்திட்டேன்."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"வேகமாத்தான் போட்டேன்."

"அப்ப நல்ல மழ."

டிரைவர் அடுத்த தடவை அக்காவைக் கண்டதும், கேட்காமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "செங்கம் வரைக்கும் காஞ்சுபோய்க் கெடக்குதும்மா, நம்பி வராத" என்று சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. ஒரு கண்டக்டர் மட்டும் சந்தேகமாகக் கேட்டார்: "ஏம்மா, ரேடியோவுல தான் மழையப் பத்தி சொல்றாங்களே, அதக் கேட்டா ஆவாதா?"

"ரேடியோவுக்கு ஏதுண்ணா வைப்பரு?" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை மழையை எப்படிச் சொல்ல முடியும் என்று நான் ஒருமுறை கேட்டேன். கணிதம் படித்தவள், கேட்காமல் இருக்க முடியுமா? அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மழையும் பஸ் மாதிரிதாண்டி. வெள்ளிக்கெழம ஒரு ரூட்ல ஓடிட்டு ஞாயித்துக்கெழம வேற ரூட்டுக்குப் போவாது" என்றார். அதற்கு மேல் வாதாட என் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய விநோதம் ஒன்று உண்டு. அக்கா பொய் சொல்ல மாட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை விடுதியை விட்டு வெளியே போக வேண்டுமானால் மேட்ரன் அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும். அதற்காக நாங்கள் எல்லாரும் சொந்தக்காரர்களைக் கைவசம் வைத்திருந்தோம். சித்தி வீட்டுக் காதுகுத்து, மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. என் பக்கத்து அறைப் பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் மூன்று பெரியம்மாக்கள் இறந்தார்கள். மூவருக்கும் ஊர் கும்பகோணம். மேட்ரன் அம்மா ஒவ்வொரு சாவுக்கும் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அக்கா நேராகப் போய் நிற்பார். "ஊர் சுத்தப் போறேம்மா."

"யாரு வீட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. சும்மா சுத்த."

"கோயிலா?"

"வழியில இருந்தா பாப்பேன்."

"பொம்பளப் பிள்ள, மழையில, யாரும் இல்லாத ஊருக்கு, வேலையும் இல்லாம..." மேட்ரன் அம்மா ஒவ்வொரு விரலாக மடக்குவார். அக்கா பொறுமையாக எல்லா விரலும் மடங்கும் வரை நின்றுவிட்டு, "போய்ட்டு வரேம்மா" என்று கிளம்புவார்.

மேட்ரன் அம்மா கெட்டவர் அல்ல. பக்தி ஜாஸ்தி. நெற்றியில் எப்போதும் பட்டையாகத் திருநீறு. இடுப்பில் கேட் சாவி. அந்தச் சாவியை வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எந்தப் பெண்ணாவது கைக்கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் ஏழாகலம்மா" என்று வாதாடினால், "மணியெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டப் பூட்டினதுக்கு முன்ன வந்தா நல்ல பொண்ணு. பூட்டினதுக்கப்புறம் வந்தா லேட்டு. அவ்ளோதான் சட்டம்" என்பார்.

அந்தச் சட்டத்தில் நான் முதலில் மாட்டியது செஞ்சிக் கோட்டையால்.

அந்த வெள்ளிக்கிழமை செஞ்சி பஸ் வந்து நின்றபோது கண்ணாடி சுட்ட அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. வைப்பர் ஓடிய தடமே இல்லை. "ஞாயித்துக்கெழம செஞ்சி. தூறல் மட்டும்தான், கோட்ட மேல ஏறிடலாம்" என்று அக்கா தீர்ப்பு சொன்னார். நானும் போனேன். என் கஷ்டம் என்னவென்றால், செஞ்சிக்குப் போகிற பஸ் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போகும். அந்த நிறுத்தம் வந்ததும் நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

"செருப்பு கெடச்சுதா?" என்றார் அக்கா.

"கெடச்சுதுக்கா."

"ரெண்டும் கால்லதான் இருந்துச்சு."

கோட்டையில் பாதி ஏறியிருப்போம். வானம் கிழிந்தது. பழைய நெற்களஞ்சியத்துக்குள் ஓடிப்போய் நின்றோம். எங்களோடு சில ஆடுகளும் நின்றன. மழை விட்டு, இறங்கி, பஸ் பிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. என் தலையில் யூரியா, அக்கா தலையில் பொட்டாஷ். எங்கள் அப்பா நிலத்தில் கொட்டிவிட்டு உதறிப் போடும் சாக்கை, பட்டம் வாங்கிய மகள் மாட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

வந்த பஸ் அதே வெள்ளிக்கிழமை பஸ். மழை கொட்டுகிறது, வைப்பர் சும்மா இருக்கிறது, டிரைவர் பாட்டுக்கு ஓட்டுகிறார். அக்கா எழுந்து முன்னால் போய்விட்டார்.

"வைப்பர் போடலியாண்ணா?"

"அது ஓடி ரெண்டு வருஷமாச்சும்மா. கண்ணாடியில பொகையில தேய்ச்சு வுட்ருக்கேன். தண்ணி நிக்காது, தானா ஓடிரும்."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். நெருங்கிய சொந்தத்தில் யாரோ துரோகம் செய்துவிட்ட முகம். அடுத்த வாரத்திலிருந்து அவர் புகையிலை தேய்த்திருக்கிறதா என்று பஸ்ஸின் கண்ணாடியை முகர்ந்தும் பார்க்க ஆரம்பித்தார் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

திரும்பும் வழியில் கீழ்பென்னாத்தூரில் குனிய மறந்துவிட்டேன். அங்கே ஏறியவர் என் தாய்மாமா. கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியாது. ஆனால் உரச் சாக்கை அடையாளம் காணப் படிப்பு எதற்கு?

"ஏம்மா, நம்ம பொண்ணுதான நீ? இன்னாத்துக்குச் சாக்க மாட்டினு கீற? யாருக்கு இன்னா ஆச்சு?"

நான் ஒரு பெரியம்மாவைக் கொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார். "வணக்கம்ணா. செஞ்சிக் கோட்டையச் சுத்திப் பாத்துட்டு வரோம்."

"அங்க இன்னா விசேஷம்?"

"மழைதாண்ணா விசேஷம்."

மாமா அதற்கப்புறம் எங்களோடு பேசவில்லை. விடுதிக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. மேட்ரன் அம்மா சாவியோடு வந்து, திறந்துகொண்டே திட்டி, திட்டிக்கொண்டே பூட்டினார்.

மாமா பேசாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் அப்பாவிடம் பேசியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அப்பா விடுதி வாசலில் நின்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மேட்ரன் அம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "படிக்க வெச்சேன். வேலைக்கும் அனுப்பினேன். ஊர்ல நாலு பேரு பேசறாங்க. இன்னொரு வாட்டி லேட்டா வந்தான்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. அன்னிக்கே பொட்டியக் கட்டி இட்டுனு போயிடறேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மேட்ரன் அம்மா சாவியைத் தொட்டுக்கொண்டு தலையாட்டினார்.

அப்பா சொன்னால் செய்வார். என் ஜன்னலும், என் வகுப்பும், கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கும் என் மாணவர்களும், இனி ஒரு கேட்டின் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவிடம், "இனிமே நான் எங்கயும் வரலக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா வற்புறுத்தவில்லை. அந்த மழைக்காலத்தில் இரண்டு மூன்று ஞாயிறு தனியாகப் போய்த் தனியாக நனைந்து வந்தார்.

அப்படியே இருந்திருப்பேன். சாத்தனூர் அணை கெடுத்தது.

அணை நிரம்பி ஷட்டர்களைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் பல மழைக்கால ஆசை. எல்லா வருஷமும் திங்கள்கிழமை திறந்து வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை போய் மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டு வருவார். இந்த முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்டராம்பட்டு பஸ்ஸின் கண்டக்டர், பஸ் நிற்பதற்கு முன்பே படியிலிருந்து கத்தினாராம்: "வைப்பரம்மா! தொறந்துட்டாங்க! எல்லாத்தையும் தொறந்துட்டாங்க!"

அக்கா விடுதிக்கு ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பௌர்ணமி" என்றேன்.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பௌர்ணமி அன்றைக்கு மலையைச் சுற்ற ஜனங்கள் எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் பால் வாங்கக்கூடத் தெருமுனைக்குப் போக யோசிப்பார்கள்.

"அதுதாண்டி நமக்கு நல்லது" என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். அது முக்கியமான பேச்சுக்கு முன் அவர் செய்வது. "ஒலகமே நம்ம ஊருக்கு வருது. அப்ப நம்ம ஊர்லேர்ந்து வெளிய போற பஸ்ஸு?"

"காலியாப் போவும்."

"ஜன்னல் சீட்டு?"

"கெடைக்கும்."

"காலையில போறோம். பார்க்கறோம். மூணு மணிக்குக் கிளம்பறோம். விளக்கு வெக்கறதுக்குள்ள நீ உன் ரூம்ல இருப்ப."

நான் இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவளும் பதினைந்து வருஷம் பஸ் பார்த்தவளும் சேர்ந்து போட்ட கணக்கு அது. போகிற பாதி மிகச் சரியாக வந்தது. திரும்பி வருகிற பாதியை இருவருமே போடவில்லை.

ஞாயிறு காலை அக்கா வழக்கம்போல மேட்ரன் அம்மாவிடம் போய், "சாத்தனூர் போறோம்மா" என்றார். பௌர்ணமி அன்று மத்தியானம் வரை மேட்ரன் அம்மாவுக்கு மௌன விரதம். கண்ணை உருட்டினார், கையை வேகமாக வீசினார்.

"போய்ட்டு வாங்கன்னு சொல்றாங்க" என்றார் அக்கா.

எனக்கு அப்படித் தெரியவில்லை.

பஸ் காலியாகப் போனது. ஆளுக்கொரு ஜன்னல். எதிரே வந்த பஸ்களில் ஜனங்கள் கூரை மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அணையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தண்ணீர் வெள்ளையாக, புகையாக, மண்ணதிர விழுந்தது. பேசினால் காது கேட்காது என்பதால் யாரும் பேசவில்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாரலில் அவருடைய கண்ணாடி முழுவதும் நனைந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவே இல்லை. பிறகு அங்கே கடையில் வறுத்துத் தந்த மீனைச் சாப்பிட்டோம். பௌர்ணமி அன்று மீன் தின்கிறோமே என்று எனக்கு உறைத்தபோது முள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மூன்று மணி பஸ் வரும்போதே நிரம்பி வந்தது. தொங்கிக்கொண்டு ஏறினோம். வழியெல்லாம் "அரோகரா" என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குள் எந்தப் பஸ்ஸையும் விடவில்லை. போலீஸ்காரர்கள் எங்கள் பஸ்ஸைச் செங்கம் ரோடு பக்கம் திருப்பி, ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்து விடுதிக்கு நேராக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் மலை சுற்றும் கூட்டம் அந்த ரோட்டில்தான் ஊரிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்கத் தலை. நாங்கள் எதிர்த்து நடக்க ஆரம்பித்தோம்.

"இப்டி வரக்கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அப்பிரதட்சணமா வர்றாங்க பாரு" என்றாள் ஒருத்தி.

"வூட்டுக்குப் போறோங்க" என்று நான் கெஞ்சினேன்.

"வூடு எங்க போயிடும்? சாமிக்கு எதுக்கால வரலாமா?"

பத்தடி முன்னால் போனால் இருபதடி பின்னால் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "இன்னிக்கு எல்லாரும் ஒரே பக்கம்தாம்மா. சுத்தி வாங்க" என்று மலையைக் காட்டினார்.

அப்படியாக, பக்கத்தில் இருக்கிற விடுதிக்குப் போக மலை முழுவதையும் சுற்ற ஆரம்பித்தோம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். எனக்கு அழுகையாக வந்தது. அப்பா பெட்டியைத் தலையில் வைத்து நடக்கிற காட்சி கண்ணில் ஓடியது. "நட, பூட்றதுக்குள்ள போயிடலாம்" என்றார் அக்கா. அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினேன். பட்டைத் திருநீறு. இடுப்பில் சாவி.

"கெட்டிக்காரிங்க!" என்றார் மேட்ரன் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "காலையில நான் கைய வீசினத புரிஞ்சுக்கிட்டீங்களே. அணையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சாமியச் சுத்த வந்துட்டீங்க பாரு. இதுக்குத்தான் பெரியவங்க பேச்சக் கேக்கணும்ங்கறது."

நான் அண்ணாமலையாரை நோக்கி மனதாரக் கும்பிட்டேன். என் வேலை, என் ஜன்னல், எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. இனி அக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"இல்லம்மா" என்றார் அக்கா. "நாங்க அணைக்குத்தான் போனோம். திரும்பி வரச்சே பஸ்ஸ வெளியவே நிறுத்திட்டாங்க. நேரா விட மாட்டேன்னாங்க. அதான் சுத்திப் போறோம்."

மேட்ரன் அம்மாவின் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு விளக்காக அணைந்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். பிறகு மலையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மலை சுற்றும்போது கோபப்படக் கூடாது. யாரையும் ஒரு சொல் திட்டக் கூடாது. அவர் இத்தனை வருஷமாகக் கடைப்பிடிக்கிற விரதம் அது.

"நான் இப்ப எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சுத்தி முடிக்கட்டும். கேட் கிட்ட வெச்சுப் பேசிக்கறேன். அண்ணாமலையானுக்கு..."

"அரோகரா" என்றோம் இருவரும்.

திட்டு வாங்குவது சுலபம். வாங்கப்போகிற திட்டோடு பக்கத்தில் நடப்பதுதான் கஷ்டம். அதுவும் கர்ப்பிணிப் பெண் நடப்பது போல மெல்ல நடக்க வேண்டும் என்பது மேட்ரன் அம்மாவின் இன்னொரு விரதம். வருண லிங்கத்தில் திருநீறு எடுத்து எங்கள் நெற்றியில் பூசினார். கொஞ்சம் அழுத்தியே பூசினார். மூக்கை இழுத்தார். "என்னடி வாசன?" என்றார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் காலை மிதித்துவிட்டு, கூட்டத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அடி அண்ணாமலை வந்தபோது மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, செஞ்சி மழை. கூட்டம் கடை கடையாக ஒதுங்கியது. மேட்ரன் அம்மா ஒதுங்க மறுத்தார். நடுவில் நிற்கக் கூடாதாம். அக்கா பையைத் திறந்து பொட்டாஷை எடுத்தார். உதறினார். மூலையை உள்ளே தள்ளி, எதுவும் கேட்காமல் மேட்ரன் அம்மாவின் தலையில் கவிழ்த்தார். எனக்கு யூரியா. அவர் நனைந்தபடி குடையை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒதுங்கி நின்ற ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "இது எங்கம்மா வாங்கினீங்க?"

மேட்ரன் அம்மா சாக்கின் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் ஒரு கடையில் உரச் சாக்கு தொங்கவிட்டு விற்றார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அது எங்களால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

குபேர லிங்கம் தாண்டியபோது மேட்ரன் அம்மாவால் காலை ஊன்ற முடியவில்லை. சரளைக்கல் குத்திக் குதிகாலில் ரத்தம். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கடைசி வரை வந்தார்.

விடுதித் தெருவுக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஏழு மணி எப்போதோ போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கேட் ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டுகிறவரே வெளியில் இருந்தால் யார் பூட்டுவார்கள்?

மூவரும் உள்ளே போனோம். மேட்ரன் அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கேட்டைச் சாத்தினார், பூட்டினார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் பூட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தோம். அவருடைய சட்டப்படி நல்ல பெண்கள்.

அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. மலை சுற்றி முடித்தாயிற்று. இனி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அவர் வாயைத் திறந்தார். மழைத் தண்ணீர் பொட்டாஷ் சாக்கின் நுனியிலிருந்து அவர் மூக்கில் சொட்டியது.

"எல்லா ஷட்டரும் தொறந்திருந்துச்சா?" என்றார்.

"எல்லாம்மா" என்றார் அக்கா.

"ம்" என்று நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். சாக்கைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த வாரம் அப்பா வந்தார். விடுதி வாசலில் நின்றே கேட்டார்: "எப்டிம்மா இருக்கறா? நேரத்துக்கு வராளா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேட்ரன் அம்மா ஒரு கணம் யோசித்தார். "பூட்றதுக்கு முன்ன வந்துடறா. பௌர்ணமிக்கு என்கூட மலை சுத்தினா" என்றார். இரண்டும் உண்மை. அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளேயிருந்து வந்தார். "ஆமாண்ணா, அன்னிக்குத்தான் மீனும்..." என்று ஆரம்பித்தவரைக் கையைப் பிடித்துச் சமையற்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனேன்.

"உண்மையச் சொன்னா இன்னாடி?" என்றார்.

"கேக்கறப்ப சொல்லலாம்க்கா" என்றேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசியிலேயே அக்காவுக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. அன்றைக்கு அவர் எந்தப் பஸ்ஸையும் ஆராயவில்லை. இரண்டு பெட்டி, நீளக் குடை, டப்பாவில் புளிசாதம். அவற்றோடு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். "லெட்டர் போடு" என்றார். "ரூம் ஜன்னல் கொக்கிய எண்ணெ போட்டு வை, மழையில துரு புடிக்கும்" என்றார்.

அந்தப் பஸ் வேலூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. நான் முன்பக்கம் போனேன். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். குனிந்து சேற்றையும் தொட்டேன்.

"இன்னாம்மா, நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றார் கண்டக்டர்.

கண்ணாடியில் அரை வட்டம் ஈரமாக இருந்தது. புகையிலை வாசனை இல்லை. அக்கா போகிற ஊரில் நல்ல மழை.